கண்டித் தமிழ்த் திருச்சபைகளில் ஊடக வளங்களின் நம்பகம்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் விசுவாச வாழ்வுக்குத் துணையாக எதை வாசிப்பது, எதைக் கேட்பது, ஆலயத்தில் எதைத் திரையிடுவது என்னும் வினா, ஒரு காலத்தில் எதுவும் எளிதிற் கிடைக்காத நிலையில் எழுந்தது. இன்று எல்லாமே கிடைக்கும் நிலையில் எழுகிறது. ஊடக வளம் என்று இங்கு குறிக்கப்படுவது திருமறை மொழிபெயர்ப்பு, விளக்கவுரை, தியான நூல், மறைக்கல்விப் பாடம், பாடல், வானொலி நிகழ்ச்சி, காணொளி, கைத்தொலைபேசியில் வந்து விழும் ஒற்றைப் பத்திச் செய்தி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும். நம்பகம் என்னும் சொல்லைப் பொதுவாக இரு பொருளில் ஆள்வர்: சொல்லப்பட்ட செய்தி உண்மையில் நடந்ததா என்பது ஒன்று, சொல்லப்பட்ட போதனை திருச்சபையின் விசுவாசத்தோடு இசைகிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தாமே தீர்மானிப்பதற்கான கருவிகள் சாதாரண விசுவாசியிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் மூன்றாவதொரு கேள்வியை எவரும் கேட்கலாம்: சொன்னவர் பிழைபட்டால், அவர் யாரிடம் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்? கண்டியின் முந்நூறு ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து நோக்குமிடத்து, இந்த மூன்றாம் கேள்விக்கு விடை வைத்திருந்த வளங்களே முன்னைய இரு கேள்விகளுக்கும் தேறி நின்றன என்பது புலப்படும்.

2012-இன் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் கிறிஸ்தவர் சுமார் ஏழரை விழுக்காட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மேற்குக் கரையோரத்தில் அடர்ந்து வாழும் அவர்கள் கண்டிப் பகுதியில் சிறு சிறு கூட்டங்களாகவே உள்ளனர். அச்சிறுமைக்குள்ளும் பிரிவுகள் பல. கத்தோலிக்கருக்குக் கண்டி மறைமாவட்டம் உண்டு. அங்கிலிக்கன் ஆலயங்கள் 1950-இல் உருவான குருநாகல் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளும், பெந்தெகொஸ்தே சபைகளும், எந்தப் பேரமைப்பையும் சாராத சுயாதீன சபைகளும் அருகருகே இயங்குகின்றன. தமிழ் பேசும் உறுப்பினருட் பெரும்பகுதியினர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். ஒரு பகுதியினர் உத்தியோகம், கல்வி என்பவற்றின் பொருட்டு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஒரே ஆலயத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியிலும் ஆராதனை நடைபெறுவது இங்கு புதுமையன்று. ஆகவே ஒரு வளம் ‘தமிழில் இருக்கிறது’ என்பதால் மட்டும் அது இம்மக்களுக்கு உரியதாகிவிடாது.

ஏட்டுச்சுவடியும் அச்சும்

ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவைச் சேர்ந்த ஓரத்தோரியன் சபைக் குருவாகிய யோசப் வாஸ் 1687-இல் யாழ்ப்பாணம் வந்து, 1692-இல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் அவர் முதலிற் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆதரவைப் பெற்று, 1711-இல் கண்டியிலேயே மறைந்தார். 2015 சனவரி 14-இல் அவரைப் புனிதர் என அறிவித்த செய்தி உலக ஊடகங்களில் ஒரே நாளில் பரவியது. அவர் காலத்திலோ ஒரு செபநூலைப் பரப்புவதற்கு அதைக் கையாற் படியெடுப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. 1705-இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் மரபு நீண்டகாலம் நிலைத்தது. 1737-இல் கொழும்பில் அச்சுவேலையைத் தொடங்கிய ஒல்லாந்தரின் இயந்திரம் சீர்திருத்தத் திருச்சபைக்கே உரியதாயிருந்தமையால், கொன்சால்வெஸின் ஆக்கங்கள் ஓலையிலேயே உலவின. படியெடுப்போர் கையிற் பிழைகள் புகுந்திருக்கக்கூடும் எனினும், அப்பிரதி யாருடையது, எந்தக் குரு அதை ஏற்று வாசிக்கிறார் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

1815-இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் 1818-இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் சாமுவேல் லம்பிரிக் கண்டிக்கு வந்தார். பிற்காலத்தில் கோட்டையில் (ஸ்ரீ ஜயவர்த்தனபுர) இருந்து அவர் முன்னின்று வெளியிட்ட சிங்களத் திருமறை, தரத்திற்கேற்ப மாறும் மரியாதைச் சொற்களை ஒதுக்கி எவரையும் ஒரே முன்னிலைச் சொல்லால் விளித்தமையாற் கடுமையாக மறுக்கப்பட்டது. மூலத்திற்கு நேர்மையாக இருந்தும் கேட்போரின் காதுக்கு அவமதிப்பாக ஒலித்த அம்மொழிபெயர்ப்பின் கதி, நம்பகம் என்பது கருத்துச் சரியாக இருப்பதோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு ஆரம்பகாலச் சான்றாகும்.

இவ்வாய்வின் நோக்கிற் கண்டிக்கு உரிய பெரும்பெயர் ஜோன் மர்டொக். கிளாஸ்கோவில் 1819-இற் பிறந்த இவர், 1844-இல் கண்டி அரசாங்க மத்திய பாடசாலையின் தலைமை ஆசிரியராக வந்து, அரச சேவையில் தொடர மனச்சாட்சி இடங்கொடாமையால் 1849-இல் விலகி, சிங்களத் துண்டுப்பிரசுரச் சங்கத்தை அமைத்தார். துண்டுப்பிரசுரம் என்பது சில பக்கங்களில் ஒரு கருத்தைச் சொல்லி, மலிவாகவோ இலவசமாகவோ விநியோகிக்கப்படும் சிறு வெளியீடு. இன்றைய வட்ஸ்அப் செய்தியின் நேர் மூதாதை என்று அதைச் சொன்னால் மிகையாகாது. ஆனால் அம்மூதாதையிடம், வழித்தோன்றலிடம் இல்லாத ஒரு பண்பு இருந்தது: வெளியிட்ட சங்கத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் அதன்மேற் பொறிக்கப்பட்டிருந்தன. மர்டொக் பின்னர் இந்தியாவுக்குச் சென்று, 1858-இற் தோன்றிய கிறிஸ்தவ தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் பணியில் வாழ்நாளைச் செலவிட்டு 1904-இல் மறைந்தார். அச்சங்கமே பின்னாளிற் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்ற பெயரில் தென்னிந்தியாவெங்கும் அறியப்பட்டது.

1865-இற் சென்னையில் அவர் வெளியிட்ட, தமிழில் அச்சான நூல்களின் வகைப்படுத்திய பட்டியல், தமிழ் நூல்விவரணத் துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. கிறிஸ்தவ நூல்களோடு சைவ, வைணவ, சமண, இசுலாமிய நூல்களையும், இலக்கணம், மருத்துவம், சோதிடம் முதலியவற்றையும் துறைவாரியாக அடுக்கி, அவற்றுக்கு அறிமுகக் குறிப்புகளையும் அவர் எழுதினார். அக்குறிப்புகளிற் பிற சமயங்களைப் பற்றிய மிஷனரி ஏளனம் தாராளமாகவே உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், நல்ல நூல் எது என்று மக்களுக்குச் சொல்ல விரும்புவோர் முதலில் எல்லா நூல்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற அடிப்படையை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். தம் சபையின் வெளியீடுகளை மட்டும் பரிந்துரைக்கும் இன்றைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் அவருடைய முறை எவ்வளவோ மேலானது.

தோட்டங்களைப் பொறுத்தவரை, 1854-இல் தொடங்கப்பட்டு அக்கால வழக்கின்படி தமிழ்க் கூலி மிஷன் என அழைக்கப்பட்ட அமைப்பு, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்தது. உபதேசி என்பவர் குருப்பட்டம் பெறாத போதகர். தோட்டந்தோட்டமாக நடந்து, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளின் முன் வாசித்துக் காட்டி, பாட்டுக் கற்பித்தவர். எழுத்தறிவு அரிதாயிருந்த அம்மக்களுக்கு அவரே ஊடகம். அவர் சொன்னதில் ஐயம் எழுந்தால் அடுத்த மாதம் அவர் அதே லயத்துக்கு வந்தாக வேண்டும். இந்த ‘வந்தாக வேண்டும்’ என்ற கட்டாயத்தை ஒரு காணொளிப் போதகருக்கு விதிக்க எவராலும் இயலாது.

எந்தத் தமிழ்த் திருமறை

சபைகள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்த மொழிபெயர்ப்பைக் கையாள்வது என்பதாகும். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1714-15-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கும் தமிழ்த் திருமறையின் வரலாற்றில், இலங்கைக்கு ஒரு தனிப் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் முன்னின்று செய்த மொழிபெயர்ப்பில், பின்னாளிற் சைவ மறுமலர்ச்சியின் தலைமகனாகிய ஆறுமுக நாவலர் உடனுழைத்தார். அப்பிரதியைச் சென்னைக்குக் கொண்டுசென்று தமிழறிஞர் மகாலிங்கையரிடம் காட்டித் தமிழ்நடைக்கு ஒப்புதல் பெற்றதும் பலரும் அறிந்த செய்தி. 1850-இல் வெளியான அது தமிழகச் சபைகளின் ஏற்பைப் பெறவில்லை. பின்னர் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871-இல் நிறைவேறிய மொழிபெயர்ப்பே ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ என்னும் பெயருடன் சீர்திருத்தத் திருச்சபைகளிற் பொதுவழக்காயிற்று. ஒரு குழு செய்ததை இன்னொரு குழு மறுப்பதும், மறுக்கப்பட்டதிலிருந்தே புதியது முளைப்பதுமாகிய இந்த நெடிய இழுபறியையே அம்மொழிபெயர்ப்பின் நம்பகத்துக்கான சான்றிதழாகக் கொள்ளலாம். தனியொருவர் ஒரே மூச்சிற் செய்து இணையத்தில் ஏற்றும் மொழிபெயர்ப்புக்கோ, இயந்திரம் பெயர்த்த தியானக் குறிப்புக்கோ இத்தகைய உரசல் வாய்ப்பதில்லை.

1995-இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பதிப்பு, இணைத்திருமுறை நூல்கள் எனப்படும் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவற்றையும் சேர்த்து 73 நூல்களைக் கொண்டது. சீர்திருத்தத் திருச்சபையினரின் திருமறை 66 நூல்களோடு அமையும். தேவன், கடவுள், ஜெபம், செபம், இறைவேண்டல், வேதாகமம், விவிலியம் என்றவாறு சொற்கள் பிரிவதைக் கொண்டு ஒரு வளம் எந்த மரபிலிருந்து வருகிறது என்பதை முதற்பக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். ஆனால் சொல்லின் மரபை வைத்து உள்ளடக்கத்தின் தரத்தைத் தீர்ப்பது தவறு. கண்டிச் சபைகளில் இத்தவறு இருபக்கமும் நிகழ்கிறது. 1871-இன் நடை மூத்தோருக்கு மனப்பாடம். சிங்களப் பெருக்கத்துள் வளரும் இளையோருக்கு அது கடினம். இருவருக்கும் ஒரே பிரதியைத் திணிப்பதைவிட, ஆராதனையில் ஒன்றும் படிப்பில் மற்றொன்றுமாக இரண்டையும் ஒப்பிட்டு வாசிப்பது மேல். 1812-இல் கொழும்பிற் தோன்றிய துணைச் சங்கத்தின் வழிவந்த இலங்கை வேதாகமச் சங்கத்தின் பிரதிகளும், 2008-இல் அறிமுகமான யூவேர்ஷன் செயலி போன்றவற்றில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பதிப்புகளும் இதற்குப் போதுமானவை. செயலியைப் பயன்படுத்துவோர், பதிப்பின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் காட்டும் பக்கத்தை ஒருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும்.

விளக்கவுரை, இறையியல் நூல் என்பவற்றைக் கத்தோலிக்க திருச்சபை அணுகும் முறை தனித்தது. ‘தடையேதுமில்லை’ எனத் தணிக்கையாளரும் ‘அச்சிடலாம்’ என ஆயரும் வழங்கும் அனுமதி நூலின் முகப்புப் பக்கங்களிற் காணப்படும். நூலிலுள்ள ஒவ்வொரு கருத்தையும் ஆயர் ஏற்கிறார் என்பது அதன் பொருளன்று, விசுவாசத்துக்கு முரணானது இல்லை என்பதே பொருள். இம்முறையின் கடுமையையும் இலங்கை கண்டது. திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1990-இல் வெளியிட்ட மரியாளைப் பற்றிய நூலுக்காக 1997 சனவரியிற் சபைவிலக்கம் செய்யப்பட்டு, ஓராண்டுக்குப்பின் மீண்டும் ஏற்கப்பட்டார். அத்தண்டனை நியாயமானதா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் எழுதியவர் யார், எந்த வரி குற்றஞ்சாட்டப்பட்டது, அவர் என்ன பதிலளித்தார் என்பதெல்லாம் உலகறியப் பதிவாயின. பெயரில்லாத காணொளி ஒன்றின்மேல் இப்படியொரு வழக்கை எவரும் தொடுக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

வானலைகள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையகத்தின் பெரும் சமய ஊடகம் வானொலியே. மணிலாவில் 1969-இல் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியும், வத்திக்கான் வானொலியின் தமிழ்ப்பணியும் சிற்றலையில் இங்கு கேட்டன. சீஷெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் ஒலித்த ஃபீபா வானொலி 2003-இற் தன் சிற்றலை ஒலிபரப்பை அங்கு நிறுத்தியது. புத்தளத்திலிருந்து 1978 முதல் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 882 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் இந்திய மொழிகளில் ஒலிபரப்பியது. வேரித்தாஸ் 2018-இன் நடுப்பகுதியில் சிற்றலையை விட்டு முற்றாக இணையத்துக்கு மாறியது.

இவ்வானொலிகளின் போதனை ஒரே தன்மையதன்று. ஆனால் அவை யாவற்றுக்கும் நேயர் கடிதம் என்றொரு பகுதி இருந்தது. நேயர் எழுதினார், அறிவிப்பாளர் பெயர் சொல்லிப் பதில் வாசித்தார், தவறைச் சுட்டியவருக்கு நன்றியும் சொல்லப்பட்டது. அலைவரிசைகள் மூடப்பட்டபோது ஒலி இழக்கப்படவில்லை, அது இணையத்தில் இன்னும் தெளிவாகவே கேட்கிறது. இழக்கப்பட்டது அந்தக் கடிதப் போக்குவரத்தே. காணொளிகளின் அடியில் நிறையும் ‘ஆமென்’களை அதற்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

திகனவுக்குப் பின்

நம்பகமற்ற செய்தி எதைச் செய்யும் என்பதைக் கண்டி மாவட்டம் ஏட்டிற் படித்து அறியவில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், ஓர் உணவகத்தின் உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்படுவதாகப் பரவிய வதந்தி வன்முறையாயிற்று. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். மார்ச் முதல் வாரத்திற் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனமாகி, மார்ச் 7-இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரல் 21-இல் ஆலயங்களும் விடுதிகளும் குண்டுகளுக்கு இரையான நாளிலும் சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. அப்போது பாதிக்கப்பட்டோர் கிறிஸ்தவர்.

இப்பின்னணியில், உலகெங்கும் சபைகளிடையே 2010 அளவிலிருந்து சுற்றிவந்த ஒரு செய்தியை ஆராய்வது பயன்தரும். இந்தியாவில் பௌத்த தீவிரவாதிகள் ஒரே இரவில் இருபது ஆலயங்களை எரித்துவிட்டனர், அடுத்து ‘ஒலிசபாங்’ என்னும் மாகாணத்தில் இருநூறு ஆலயங்களை அழிக்கப்போகின்றனர், உடனே செபித்துப் பிறருக்கும் அனுப்புக என்பது அதன் சாரம். அப்பெயரில் இந்தியாவில் மாகாணமே இல்லை. 2008-இல் ஒரிசா மாநிலத்தின் கந்தமாலிற் கிறிஸ்தவர்கள் உண்மையாகவே தாக்கப்பட்டனர், ஆலயங்கள் எரிந்தன, தாக்கியோர் பௌத்தர் அல்லர். ஒரு மெய்யான துன்பத்தின் மங்கிய எதிரொலி போலத் தோன்றும் அச்செய்தி, இடம் திரிந்து, குற்றவாளி மாறி, தேதி கழன்று, ‘இன்றிரவு’ என்ற அவசரத்தோடு ஆண்டாண்டாக உலவியது. இத்தாலியிலோ பிரேசிலிலோ இதை அனுப்பியவருக்கு அது அறியாமை மட்டுமே. தலதா மாளிகையும் தூய பவுல் ஆலயமும் அயலயலாக நிற்கும் கண்டி நகரில் இதை அனுப்புவதோ அயலவர்மேற் சுமத்தும் பொய்ச்சாட்சி. செபிக்கும்படி கேட்பதால் ஒரு செய்தி ஆராயப்படாமலே கடத்தப்படலாம் என்னும் எண்ணம், பக்தியின் பெயரால் வந்த சோம்பல் என்றே கொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலையும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. 10-ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் சமய சுதந்திரத்தைக் காக்கின்றன. ஆயினும் 2003-இல் உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை தனியே பாதுகாக்கப்பட்டதன்று என்று தீர்மானித்தது. 2024-இன் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், சமய உணர்வைப் புண்படுத்தும் பொய்க்கூற்றுகளையும் குற்றமாக்கியுள்ளது. அச்சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்குப் பாதகம் என்னும் விமர்சனம் வலுவானது. சட்டம் எவ்வாறாயினும், அயலாரின் சமயத்தை இழிவுபடுத்தித் தன் சமயத்தை உயர்த்தும் போதனை, கடல்கடந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்திற் பேசப்பட்டதாயினும், அதன் விலையைச் செலுத்துவோர் அதைத் திரையிட்ட மலையகச் சபையாரே. பௌத்தரும் கிறிஸ்தவரும் மேடையேறி மோதிய 1873-இன் பாணந்துறை வாதம் ஏட்டோடு முடிந்துபோன வரலாறு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொரு வகைப் போதனை கையிருப்பைத் தொடுகிறது. விசுவாசமும் காணிக்கையும் உடல்நலத்தையும் செல்வத்தையும் தவறாது ஈட்டித்தரும் என்பது ‘செழிப்பு உபதேசம்’ எனப்படும். காணிக்கையை ‘விதை’ என அழைத்து, விளைச்சலை வாக்களிப்பது அதன் நடை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாச் சம்பளத்தை 2021-இற்றான் போராடிப் பெற்ற தோட்டத் தொழிலாளியின் கைத்தொலைபேசித் திரையில், வங்கிக் கணக்கு இலக்கத்தோடு வரும் இப்போதனையை மதிப்பிட இறையியற் பட்டம் தேவையில்லை. கேட்கும் நிறுவனம் தன் வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிடுகிறதா, அறுவடை வராதவர்களைப் பற்றி என்றாவது பேசியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும். யோபுவின் நூலை ஒருமுறை வாசித்த எவருக்கும் இரண்டாவது கேள்வி தானே எழும்.

பாட்டும் பிறவும்

பாடல்களிற் சிக்கல் வேறு. 2003-இன் 36-ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 1864-இல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எவரும் பாடலாம், அச்சிடலாம்; ஆனால் அதே கீர்த்தனையை ஒரு பாடகர் அண்மையிற் பதிவுசெய்த ஒலிவடிவம் அப்பாடகருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் உரியது. இவ்வேறுபாட்டை அறியாது சபைகள் தம் ஆராதனைக் காணொளிகளில் அதை இணைத்துவிட்டுப் பின் நீக்கநேரிடுகிறது. சொல்லின் தரத்தைப் பொறுத்தவரை, சபையாரின் நாவிற் பதிவது பிரசங்கத்தைவிடப் பாட்டே ஆதலால், புதிய பாடலொன்றைக் கற்பிக்குமுன் அதன் வரிகளை மட்டும் இசையின்றி உரக்க வாசித்துப் பார்ப்பது நல்ல சோதனை. இசை கழன்றபின் எதுவும் மிஞ்சாத பாடல்கள் பல.

சிறுவருக்கான வளங்களுள் பலரும் கவனியாதது பாடசாலைப் பாடநூல். இலங்கைக் கல்வித்திட்டத்திற் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள்; அரசு அச்சிட்டு இலவசமாக வழங்கும் அந்நூல்களில் எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர், பதிப்பாண்டு யாவும் உண்டு. ஞாயிறு பாடசாலைக்கு வெளிநாட்டுக் கார்ட்டூன்களைத் தேடி அலையும் ஆசிரியர், மாணவரின் புத்தகப்பையையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். கண்ணுக்குரிய வளத்தையும் இங்கேயே காணலாம்: திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்றர் தீட்டிய சுவரோவியங்கள், கண்டிய மரபிற் செதுக்கிய கற்றூண்களுக்கிடையே விவிலியக் காட்சிகளை இந்நாட்டுச் சூழலில் நிறுத்துகின்றன.

மூன்று நூலகங்கள்

கண்டியின் அயலில், ஒரு நாளில் மூன்றையும் சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவில், மூன்று இறையியற் கல்விநிலையங்கள் உள்ளன. அம்பிட்டியவில் 1893-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரால் நிறுவப்பட்ட பாப்பரசர் குருமடம் 1955-இற் புனேக்கு மாற்றப்பட்டபின், அவ்விடத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் தேசிய குருமடம் இயங்குகிறது. பிலிமத்தலாவையில் 1963-இல் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்ரிஸ்த திருச்சபைகள் இணைந்து அமைத்த இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் கற்பிப்பதையே தன் தனித்தன்மையாகக் கொண்டது. பேராதனையில் இலங்கை வேதாகமக் கல்லூரி, நற்செய்திவாத மரபுச் சபைகளின் ஊழியரைப் பயிற்றுகிறது. இவற்றுடன், 1972-இற் போல் கஸ்பெர்ஸ் அடிகள் கண்டியில் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்த சத்தியோதயம் நிலையத்தையும், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தையும் சேர்த்தால், தமிழ் பேசும் கிறிஸ்தவச் சிறுபான்மைக்கு இத்தனை அறிவு நிலையங்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் தீவில் வேறொன்று இருப்பது அரிது.

ஆயினும் இவ்வளம் சபையாரைச் சென்றடையும் வழி ஒடுக்கமானது. குருத்துவத்துக்கும் ஊழியத்துக்கும் பயிலும் மாணவர் அந்நூலகங்களைப் பயன்படுத்துகின்றனர். கம்பளையிலோ புசல்லாவையிலோ ஞாயிறு பாடசாலை நடத்துபவர், வீட்டுச் செபக்கூட்டம் நடத்தும் தோட்டத்து மூதாட்டி ஆகியோர் கைத்தொலைபேசி தருவதையே பயன்படுத்துகின்றனர். 2022-இன் பொருளாதார நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டால் நாளிதழ்களே அச்சை நிறுத்திவைக்க நேர்ந்தது. ரூபாவின் வீழ்ச்சியால் தமிழகத்திலிருந்து வரும் நூல்களின் விலையும் ஏறியது. இலவசமாக வருவது மேலும் வலுப்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். மக்களின் தேர்வைக் குறைகூறுவது எளிது. அவர்கள் தேர்ந்தெடுக்கத்தக்கதாக வேறென்ன அவர்கள் கையில் வைக்கப்பட்டது என்ற கேள்வி கல்விநிலையங்களை நோக்கியே எழுகிறது.

மூன்று நிலையங்களும் போதனையிற் பல இடங்களிற் கருத்து மாறுபடும். மாறுபட வேண்டியவையும் கூட. ஆனால் ஒரு நூலை யார் எழுதினார், எந்த மரபினர், எப்போது, யாருக்காக, எந்த மொழிநடையில், எந்த விலைக்கு, எந்தப் பிழைகளோடு என்று சொல்வதற்கு அவை ஒரே உபதேசத்தை ஏற்க வேண்டியதில்லை. தமிழில் இன்று கிடைக்கும் மொழிபெயர்ப்புகள், தியான நூல்கள், பாட்டுப் புத்தகங்கள், செயலிகள், ஒலிபரப்புகள் ஆகியவற்றின் குறிப்புடன் கூடிய பட்டியலொன்றை, ஒவ்வொரு குறிப்பின்கீழும் எழுதியவர் பெயரோடும், இரண்டாண்டுக்கொருமுறை திருத்தும் ஏற்பாட்டோடும், சிறு கைந்நூலாகவும் வட்ஸ்அப்பில் அனுப்பத்தக்க கோப்பாகவும் வெளியிடலாம். ஒரு மரபினர் எழுதிய குறிப்பை மற்றவர் மறுக்க விரும்பினால், மறுப்பையும் அதன் கீழேயே அச்சிடலாம். 1865-இல் மர்டொக் ஏறத்தாழத் தனியாளாக, தொலைபேசியும் தட்டச்சும் இல்லாத காலத்தில், தமிழில் அச்சான நூல்கள் அனைத்துக்கும் இதைச் செய்ய முயன்றார். அம்பிட்டிய, பிலிமத்தலாவை, பேராதனை நூலகங்களின் பொறுப்பாளர்கள் ஒரு முற்பகல் ஒரே மேசையில் அமர்ந்து முதல் ஐம்பது தலைப்புகளைப் பங்கிட்டுக்கொள்ள முன்வருவார்களாக.